வெளிச்சத்தில் இருநூறு, இருட்டில் எழுநூறு

ஒயினுக்கு ஆகாதவை என்று எழுத ஆரம்பித்தால் வெளிச்சம், வெப்பம், அதிர்வு, நாளுக்கு நாலு முறை மாறும் தட்பவெப்பம், காரசாரமான வாடை என்று போய்க்கொண்டே இருக்கும். வியாபாரம் நன்றாக நடக்கும் உணவகத்தில் இவை அத்தனையும் தாராளமாகக் கிடைக்கும். அந்த இடத்தின் நடுவில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி ஆயிரம் பாட்டில்களை வைத்துக் கொடு என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் உள்ளலங்காரத் தொழிலில் இருப்பவர்களுக்கு எப்போதாவது ஒருமுறை இந்த வேலை வந்துசேரும். எனக்கு வந்தது தஞ்சோங் பகாரில், ஒரு பழைய கடைவீட்டில்.

கடைவீடு என்றால் கீழே கடை, மேலே குடியிருப்பு என்று ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். அகலம் ஐந்து மீட்டர் இருந்தால் அதிகம். நீளம் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மர உத்தரங்கள் போட்டு, அவற்றின்மேல் பலகை அடித்ததுதான் மாடித் தரை. 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்ட வட்டாரங்களில் தஞ்சோங் பகாரும் ஒன்று. முகப்பைத் தொட முடியாது; பொதுச்சுவரை இடிக்க முடியாது; குளிரூட்டியின் வெளிப்பெட்டியைத் தெருப்பக்கம் மாட்ட முடியாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளோடு வாழப் பழகியவர்களுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் உணவக முதலாளி அப்போதுதான் லாஸ் வேகஸ் போய்விட்டு வந்திருந்தார்.

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மாண்டலே பே விடுதியில் 1999இல் திறந்த ஆரியோல் உணவகத்துக்காக ஆடம் டிஹானி வடிவமைத்த ஒயின் கோபுரம் அது. நான்கு மாடி உயரம். உள்ளே ஆயிரக்கணக்கில் பாட்டில்கள். இடுப்பில் பட்டை கட்டிய பெண்கள் கம்பியில் தொங்கியபடி மேலேறிப் பாட்டில் எடுத்து வருவார்கள். மிஷன் இம்பாசிபிள் படத்தில் டாம் குரூஸ் கூரையிலிருந்து இறங்கும் காட்சி அதற்குத் தூண்டுதல் என்பார்கள்.

“இதே மாதிரி வேண்டாம், சின்னதாகப் போதும். படிக்கட்டை ஒட்டிக் கீழிருந்து மாடிவரை ஒரே கண்ணாடிச் சுவர். உள்ளே நுழைந்ததும் எல்லா பாட்டிலும் தெரிய வேண்டும். முடியுமா, முடியாதா?”

லாஸ் வேகஸ் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. பூகிஸ் பக்கம் பார்க்வியூ ஸ்குவேர் கட்டடம் 2002இல் எழுந்தது. அதன் தரைத்தளத்தில் டிவைன் என்று ஒரு ஒயின் பார் இருந்தது. அங்கும் உயரமான குளிர்கோபுரம், முதுகில் சிறகு கட்டிக்கொண்டு கம்பியில் பறந்து பாட்டில் எடுத்துவரும் தேவதைகள் எல்லாம் உண்டு. 2017இல் அதே கூடத்தில் அட்லஸ் வந்தது. இப்போது அங்கே கோபுரம் முழுக்க ஜின். அந்த உயரத்துக்கு ஒயினைவிட ஜின் பொருத்தம் என்பது என் கருத்து. நாற்பது சதவீதத்துக்குமேல் ஆல்கஹால் உள்ள சரக்குக்கு ஒயினைப்போல் 13 டிகிரியும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். மூடி இறுக்கமாக இருந்தால் நின்றபடியே வருடக்கணக்கில் இருக்கும். ஒயின் அப்படியா? தக்கை காயக்கூடாது என்பதற்காகவே பாட்டிலைப் படுக்க வைக்கிறோம். காய்ந்த தக்கை சுருங்கும். சுருங்கினால் காற்று உள்ளே போகும். அதன்பின் அது நூறு வெள்ளிப் பாட்டிலாக இருந்தாலும் சமையலுக்குத்தான்.

முதலாளியிடம் ‘முடியாது’ என்று நான் சொல்லவில்லை. கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துவந்தேன். அவர் சொன்னார். நிறைந்த ஒரு பாட்டில் சராசரியாக 1.3 கிலோ. ஷாம்பெய்ன் என்றால் இன்னும் கூடும். உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் கண்ணாடி தடிமன். ஆயிரம் பாட்டில், தாங்கி, இரட்டைக் கண்ணாடி எல்லாம் சேர்த்தால் இரண்டு டன்னை நெருங்கும். அந்தப் பாரத்தை மரத்தரையின் ஓர் ஓரத்தில் வரிசையாக நிறுத்தப் பொறியாளர் கையெழுத்துப் போட மாட்டார். கீழ்த்தளத்தில் கான்கிரீட் தரை, அங்கே சிக்கலில்லை. கோபுரம் கீழே இறங்கியது. முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மரமும் கண்ணாடியும் எல்லாருக்கும் புரியும். இந்த வேலையில் புரியாமல் காலை வாருவது ஈரம். அதை நேரில் பார்த்துவிடலாம் என்று, அதே வட்டாரத்தில் இன்னோர் உணவகத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போனேன். வேறு யாரோ செய்து கொடுத்த கண்ணாடி அலமாரி அங்கே இருந்தது. இரவில் படங்களில் பார்த்தால் மயங்க வைக்கும் அழகு. காலையில் அதன் கண்ணாடி முழுக்க வெண்மூட்டம். நீர் கோடுகோடாக வழிந்து, கீழே விரித்திருந்த மேசைத்துண்டுகள் நனைந்து கிடந்தன. ஓக் பலகைத் தரை அந்த ஓரத்தில் மட்டும் விளிம்பு தூக்கி வளைந்திருந்தது. துடைத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்து, “தினமும் இப்படித்தான்” என்றான். அவன் வேலை நேரத்தில் முதல் அரைமணி அதற்கே போகிறது.

ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்க்கிறதே, அதே கதைதான். ஆனால் அலமாரியை விற்றவர்களும் வாங்கியவர்களும் அதை மாலை நேரத்தில்தான் பார்த்திருப்பார்கள். மாலையில் கூடம் 24 டிகிரி. குளிரூட்டி ஓடி ஓடிக் காற்றில் ஈரத்தைக் குறைத்து வைத்திருக்கும். கண்ணாடி பளபளவென்று இருக்கும். கடை மூடியதும் மின்கட்டணத்துக்குப் பயந்து கூடத்தின் குளிரூட்டியை அணைத்துவிடுவார்கள். ஒயினுக்கு உள்ளது மட்டும் இரவெல்லாம் ஓடும். நள்ளிரவுக்குமேல் கூடம் 28 டிகிரிக்கு ஏறும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்குப் போகும். அந்தக் காற்று 24 டிகிரி மேற்பரப்பைத் தொட்டாலே நீராகிவிடும். உள்ளே 13 டிகிரி வைத்த ஒற்றைக் கண்ணாடியின் வெளிப்பக்கமோ இருபதை ஒட்டி இருக்கும். வழியாமல் என்ன செய்யும்? ஐரோப்பியக் குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் கணக்குப் போட்டால் இங்கேதான் பிசகும். அங்கே குளிரும் வறட்சியும்தான் கவலை. இங்கே தண்ணீர் எங்கெல்லாம் உட்காரும் என்று கண்டுபிடிப்பதே பாதி வரைபடம்.

அதனால் எங்கள் கணக்கை மாலை எட்டு மணிக்குப் போடவில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் போட்டோம். இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆர்கான் வாயு, உட்பக்கத்தில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு. அப்போது வெளிக்கண்ணாடி 25 டிகிரியை ஒட்டி நிற்கிறது. தப்பிக்கிறது, ஆனால் மயிரிழையில். கதவுக்கண்ணாடிக்கு அதுவும் போதாது என்று, பேரங்காடி உறைபெட்டிகளில் இருப்பதுபோல் லேசாகச் சூடேறும் கம்பி வைத்த கண்ணாடி கேட்டேன். உலோகச் சட்டம் உள்ளிருக்கும் குளிரை வெளியே கடத்திவிடும். அதனால் சட்டத்தின் உள்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் நடுவே பிளாஸ்டிக் துண்டு. கதவைச் சுற்றிக் காந்தப்பட்டை வைத்த ரப்பர். கண்ணாடி இல்லாத சுவர்களில் பாலியூரிதேன் பலகை; நீராவியைத் தடுக்கும் தாள் அதற்கு வெளியே, வெப்பமான பக்கத்தில். இந்தத் தாளை உள்பக்கம் ஒட்டிவிட்டால் ஈரம் சுவருக்குள் புகுந்து பலகைக்குள்ளேயே நீராகி, ஒரு வருடத்தில் பூஞ்சை கறுப்பாக வெளியே வரும். குத்தகையாளரின் ஆட்கள் பழக்கதோஷத்தில் மாற்றி ஒட்டிவிடுவார்கள் என்பதால் அது ஒட்டும் நாளில் நான் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வேலை செய்த தம்பி ஒருவருக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். பலகையைப் பொருத்திவிட்டு, வெப்பமானியைக் கண்ணால் காட்டிக் கேட்டார்: “அக்கா, இது ராப்பகலா பதிமூணு டிகிரியிலேயே நிக்குமா?”

“நிக்கணும்.”

“நல்லா இருக்கட்டும். எங்க ரூம்ல பன்னெண்டு பேருக்கு நாலு ஃபேனு.” சிரித்துவிட்டு அடுத்த பலகையைத் தூக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிரூட்டும் எந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கு மாட்டும் ஏசியைக் கொண்டு சமாளித்துவிடலாம் என்று குத்தகையாளர்கள் சொல்வார்கள். அது பெரும்பாலும் பதினாறுக்குக் கீழே இறங்காது. இறங்க வைத்தாலும் காற்றை வறட்டிவிடும். ஒயின் அறைக்கு 60, 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். குறைந்தால் தக்கை காயும். மிகவும் கூடினால் லேபிள் ஊறிப் பூசணம் பிடிக்கும். லேபிள் போனால் பாட்டிலின் மதிப்பும் போயிற்று. அதற்கென்றே உள்ள எந்திரம் வாங்கினோம். ஒரு பெரியதற்குப் பதில் இரண்டு சிறியவை. ஒன்று படுத்தாலும் மற்றது ஒப்பேற்றும். அதிரும் பாகமான கம்ப்ரசர் பின்கட்டில், ரப்பர் காலில். வெப்பநிலை இரண்டு டிகிரி கூடினால் கைபேசியில் மணி அடிக்கும்.

இனி மரவேலை. தாங்கி வரைவதற்கு முன்னால் காலி பாட்டில்களைச் சேகரிக்கச் சொன்னேன். சுங்கை காடுட்டில் இருந்த பட்டறையில், வேலை மேசையில் அவற்றை வரிசையாகப் படுக்க வைத்தோம். நேர்த்தோள் போர்டோ பாட்டில் குறுக்கே 76 மில்லிமீட்டர். சரிந்த தோள் பர்கண்டி 82ஐத் தாண்டும். ஷாம்பெய்ன் 90ஐ ஒட்டும். இரட்டை அளவான மேக்னம் நூறுக்குமேல். ரீஸ்லிங் ஒல்லி, ஆனால் நெட்டை. 330 மில்லிமீட்டர் ஆழத்தில் அலமாரி செய்தால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். பட்டறையின் மூத்த தச்சர், சிவகங்கைக்காரர், ஒவ்வொன்றையும் காலிப்பரில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் முக்கால் லிட்டர்னு சொன்னீங்க, இதுல ஒண்ணுக்கொண்ணு சேரவே இல்லையேக்கா” என்றார். பிறகு அவராகவே, காலி பாட்டிலில் கணக்குப் பார்த்தால் தாங்கி தொய்வது தெரியாது என்று சொல்லி, அத்தனையிலும் தண்ணீர் நிரப்பித் தக்கை அடித்தார். வடிவமைப்பு படித்த எங்களில் எவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

மாதிரித் தாங்கி ஒன்று தயாரானதும் உணவகத்தின் சொமெலியேயை வரச்சொன்னோம். ஒயின் வாங்குவது, காப்பது, விருந்தாளிக்குத் தேர்ந்து ஊற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பினாங்கிலிருந்து வந்தவர், குரலை உயர்த்தாமல் மறுக்கத் தெரிந்தவர். மாதிரியைச் சுற்றி வந்தார். அழகாக இருக்கிறது என்றார். பட்டறை விளக்கை அணைக்கச் சொன்னார். கூடத்தில் இரவு அந்த அளவு வெளிச்சம்தான் இருக்கும் என்றார். மூன்றாம் வரிசையில் கையை விட்டு ஒரு பாட்டிலை வேகமாக உருவினார். கிணுங் என்று ஒரு சத்தம். விரலில் இருந்த மோதிரம் பக்கத்துப் பாட்டிலில் இடித்திருந்தது.

“வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு இப்படித்தான் எடுப்பேன்,” என்றார். “இரண்டு மேசையில் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ரொட்டி மேசைக்கு வருவதற்குள் நான் பாட்டிலோடு அங்கே நிற்க வேண்டும். ஏணி போட்டு ஏறுவது, மூன்று பாட்டிலை நகர்த்தி நான்காவதை எடுப்பது, அதெல்லாம் நடக்காது. கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் அந்தப் பாட்டிலை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வேண்டுமென்றே இல்லை. மறந்துபோவேன்.”

அன்றைக்கு முழுவரைபடமும் மாறியது. பாட்டிலுக்குப் பாட்டில் இடைவெளியை இரண்டு விரல் நுழையும்படி கூட்டினோம். அடிக்கடி விற்பவை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே. மேக்னம் அடிவரிசையில்; கனம் கீழே இருந்தால் எடுப்பவருக்கும் முதுகு பிழைக்கும், தாங்கிக்கும் கால் நிற்கும். ஒவ்வொரு குழிக்கும் எண். ஒயின் பட்டியலிலும் அதே எண். இடைவெளி கூட்டியதில் ஒரு முழு நெடுவரிசை பறிபோனது. முதலாளி கணக்கோடு வந்தார்: இத்தனை பாட்டில் குறைகிறதே, காட்சி மெலிந்துவிடுமே என்று. நான் பதில் பேசாமல் மாதிரியின் முன்னால் அவரை நிறுத்தி, இருட்டில் ஒன்றை எடுக்கச் சொன்னேன். இரண்டு இடித்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

வெளிச்ச விவகாரம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவருக்கு எல்லாம் மின்ன வேண்டும். ஒயினுக்கு இருட்டு வேண்டும். புறஊதாக் கதிரும் நீலவொளியும் ஒயினில் உள்ள ரிபோஃப்ளேவினைத் தூண்டி, கந்தகம் கலந்த வாடைப்பொருள்களை உண்டாக்கும். வெந்த முட்டைக்கோஸ் வாடை, நனைந்த கம்பளி வாடை என்று ருசி பார்ப்பவர்கள் சொல்வார்கள். பச்சை, பழுப்புப் பாட்டில்கள் ஓரளவு காப்பாற்றும். தெளிகண்ணாடிப் பாட்டில்களுக்குச் சில மணி நேர வெளிச்சமே கெடுதல். ரோஸே ஒயின் பெரும்பாலும் தெளிகண்ணாடியில்தான் வருகிறது, அதன் நிறத்தைக் காட்டுவதற்காக. லூயி ரோடரர் நிறுவனத்தின் கிரிஸ்டல் ஷாம்பெய்னும் அப்படித்தான். 1876இல் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் அலெக்சாண்டருக்காகத் தெளிகண்ணாடியில், அடிப்பக்கக் குழியில்லாமல் செய்தது. குழிக்குள் வெடிகுண்டு வைத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு என்பது கதை. இன்றும் அந்தப் பாட்டிலை மஞ்சள் நிற செல்லோஃபேன் தாளில் சுற்றித்தான் விற்கிறார்கள். அந்தத் தாள் வெளிச்சத்துக்கு எதிரான கவசம். புதிய பரிசாரகர்கள் அழகுக்காக அதைப் பிரித்துவிட்டு அலமாரியில் அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலாளியிடம் பாரீஸின் லா தூர் தார்ஷான் உணவகத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பாட்டில்கள் உள்ள நிலவறை அவர்களுடையது. 1940இல் ஜெர்மானியப் படை நகருக்குள் வருவதற்குமுன், அந்த உணவக முதலாளியின் மகன் கிளோத் தெராய் நிலவறைக்குள்ளேயே ஒரு சுவரை எழுப்பி, மிகச் சிறந்த சரக்கை அதற்குப் பின்னால் மறைத்துவிட்டார். அந்தச் சுவர் போர் முடியும்வரை பிழைத்தது. “உலகத்தின் பெயர்பெற்ற ஒயின் களஞ்சியங்களில் ஒன்று, சாப்பிட உட்காருகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது” என்றேன். “நம்மை யாரும் படையெடுக்கவில்லை” என்றார் அவர். பதில் நியாயமானதுதான். உணவகம் வாடகைக்கு இருக்கிறது. மேசைக்கு மேசை ஒயின் விற்றால்தான் கணக்கு நேராகும். கண்ணில் படாத பாட்டிலைக் கேட்பவர் குறைவு என்பது அவர் அனுபவம். நான் அதை மறுக்க முடியாது.

கடைசியில் பாட்டில்களைப் பிரித்தோம். இந்த வேலையில் நான் பெருமைப்படுவது இந்த ஒரு முடிவுக்குத்தான். அதுவும் சொமெலியேயோடு உட்கார்ந்து பேசிய பிறகு வந்தது. சில வாரங்களில் விற்றுவிடக்கூடிய இருநூறு பாட்டில்கள் படிக்கட்டை ஒட்டிய கண்ணாடிச் சுவருக்குள். அவை அங்கே முதுமையடையப் போவதில்லை. மேசைக்குப் போகும் வழியில் நிற்கின்றன, அவ்வளவே. அதனால் அங்கே 13 டிகிரி என்று பிடிவாதம் பிடிக்காமல் 15க்கு ஏற்றினோம். இரண்டு டிகிரி ஏற்றியதில் கண்ணாடிக்கும் மூச்சு வந்தது; நாலு மணிக் கணக்கு மயிரிழையிலிருந்து ஒரு விரற்கடைக்கு அகன்றது. காத்திருக்க வேண்டிய எழுநூறும், தெளிகண்ணாடிப் பாட்டில்கள் எல்லாமும் பின்பக்க அறைக்குள். அது சன்னலில்லாத அறை, சாதாரண ப்ளைவுட் தாங்கி, 13 டிகிரி, ஆள் நுழைந்தால் மட்டும் எரியும் விளக்கு. வெள்ளை ஒயினும் ஷாம்பெய்னும் பரிமாறும் அளவுக்குக் குளிர, பாரின் கீழே எட்டு டிகிரியில் தனிப் பெட்டி. கண்ணாடிச் சுவருக்குள் விளக்கு பாட்டிலின்மேல் விழவில்லை. லேபிளின்மேல் மட்டும், மஞ்சள் கலந்த எல்இடி, சூடாகும் டிரைவர்கள் அறைக்கு வெளியே. கடை மூடிய பதினைந்தாவது நிமிடம் தானாக அணையும். மாடிக்கு ஏறும் சுவரில் முதலாளி கேட்ட உயரத்தை வேறு விதமாகக் கொடுத்தோம். குளிரும் கண்ணாடியும் இல்லாத இரும்புத் தாங்கிகளில் காலி பாட்டில்கள். பாரமும் அற்பம், தண்ணீரும் வழியாது. பொய்க்காட்சி என்று முகம் சுளிக்கும் வடிவமைப்பாளர்கள் உண்டு. எனக்கு அதில் கூச்சமில்லை. நல்ல ஒயினை வெளிச்சத்தில் வேகவிட்டு உண்மைக்காட்சி என்று சொல்லிக்கொள்வதைவிட இது நேர்மையானது.

வாடையைச் சொல்லாமல் விட்டால் சொமெலியே என்னை மன்னிக்க மாட்டார். சீடர் மரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதன் வாசனையே ஒயினுக்கு எதிரி. ஓக் போட்டோம், தண்ணீர் கலந்த பாலிஷ் அடித்தோம். நாள்கணக்காகக் கதவைத் திறந்துபோட்டு மூக்கை வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் பெட்டி உள்ளே போனது. அதைவிடப் பெரிய ஆபத்து துப்புரவு வாளியில் இருக்கிறது. குளோரினும் ஈரமரமும் பூஞ்சையும் ஓரிடத்தில் கூடினால் டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் பிறக்க வழியாகும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் என்பார்களே, அது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே நல்ல மூக்குக்குத் தெரிந்துவிடும். அறையில் ஒருமுறை குடியேறினால் பாட்டில் பாட்டிலாகத் தக்கைக்குள் போகும். அங்கே துப்புரவு செய்தவர் தேக்கா பக்கம் குடியிருந்த ஒரு தமிழ்ப் பாட்டி. குளோரக்ஸ் ஊற்றாத தரை தரையே இல்லை என்ற கொள்கை அவருக்கு.

“ஊத்தலைன்னா கிருமி எப்படிம்மா போகும்?” என்றார்.

“இந்த ரூம்ல மட்டும் வேணாம் பாட்டி. வெந்நீரும் சோப்பும் போதும்.”

“சரக்குக்கு ஆகாதா?”

“ஆகவே ஆகாது.”

“அப்ப சரி. என் வீட்டுக்காரருக்கும் அந்த வாடை ஆகாது. ரெண்டும் ஒரே சாதி போல” என்றார். அவர் இருந்தவரை அந்த அறைக்குள் வாளி தனி, துணி தனி. கதவில் நான்கு மொழியில் ஒட்டிய அறிவிப்பைவிட அவர் காவல்தான் பலமாக இருந்தது.

பூட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் ஒயினுக்குத் தீர்வை அதில் உள்ள ஆல்கஹாலைப் பொறுத்தது. 2014இலிருந்து லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 13 சதவீதப் பாட்டில் ஒன்றுக்கு எட்டரை வெள்ளிக்குமேல் தீர்வையாகவே போய்விடும், விலையும் பொருள் சேவை வரியும் தனி. எழுநூறு பாட்டில் அறை என்பது ஒரு சிறு கடையின் முதல் முழுக்க முடங்கிக் கிடக்கும் இடம். சாவி இரண்டு; ஒன்று சொமெலியேயிடம், ஒன்று முதலாளியிடம்.

செலவுக் கணக்கு முடிந்தபோது கண்ணாடிக்கும் குளிருக்கும் ஆனது மரத்துக்கு ஆனதைவிட அதிகம். முதலாளிக்கு அது கடைசிவரை ஜீரணமாகவில்லை. படத்தில் தெரிவது மரம்தானே என்பார். கடை திறந்த இரண்டாவது நாள் காலையில் ஏழு மணிக்குப் போய்த் தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சில மாதம் கழித்து அடைமழைக் காலத்தில் போனபோது கதவின் கீழ்மூலையில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவு மூட்டம் இருந்தது. ரப்பர் பட்டையை மாற்றியதும் போயிற்று. பையன்கள் யாரும் துண்டோடு குனிந்து நிற்கவில்லை.

ஒயின் குடிக்கிறவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன். உணவகத்தில் கண்ணாடிச் சுவரைப் பார்த்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். நன்றாகச் செய்த கண்ணாடி வெளிப்பக்கம் குளிராது. தொட்டுப் பார்த்தும் பயனில்லை. சிவப்பு ஒயின் ஒன்று கேளுங்கள். திறப்பதற்குமுன் பாட்டிலை உங்களிடம் காட்டுவார்கள். அப்போது லேபிளைப் படிக்கும் சாக்கில் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்கு லேசாகச் சில்லென்று இருந்தால் தாராளமாகத் திறக்கச் சொல்லலாம். அறைக்காற்றின் சூட்டிலேயே இருந்தால் அந்தச் சுவர் வெறும் அலங்காரம். உள்ளறையில் வைத்திருக்கும் பாட்டில் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல சொமெலியே கோபித்துக்கொள்ள மாட்டார்.